யூப்ரடீஸ் கரையில் ஒரு வீட்டுச் சபை

கிறிஸ்தவம் தோன்றிய முதல் இருநூறு ஆண்டுகளில் அதற்கென்று கட்டிய கோயில் எதையும் இன்று உறுதியாகச் சுட்ட முடியாது. விசுவாசிகள் பெரும்பாலும் தங்களில் ஒருவருடைய வீட்டில் கூடினார்கள். எருசலேமில் மாற்கு எனப்பட்ட யோவானின் தாய் மரியாளின் வீடு, பிலிப்பியில் இரத்தாம்பரம் விற்ற லீதியாளின் வீடு, கொலோசெயில் பிலேமோனின் வீடு என்று புதிய ஏற்பாடு பல வீடுகளைப் பெயரோடு குறிப்பிடுகிறது. வாரத்தின் முதல் நாளில் கூடுவது, வேதம் வாசிப்பது, ஜெபிப்பது, சேர்ந்து உண்பது, அப்பம் பிட்பது எல்லாம் சமையலும் தொழிலும் உறக்கமும் நடந்த அதே சுவர்களுக்குள் நடந்தன.

இந்த வழக்கத்தின் தொடக்க காலத்தை நன்கு காட்டுபவர்கள் ஆக்கில்லாவும் அவர் மனைவி பிரிஸ்கில்லாளும். ஆக்கில்லா கருங்கடற்கரையை ஒட்டிய பொந்து நாட்டில் பிறந்த யூதர். கூடாரம் செய்வது இவர்கள் தொழில். கிலவுதியு பேரரசன் யூதர்களை ரோமிலிருந்து வெளியேற்றியபோது இருவரும் கொரிந்துக்கு வந்தார்கள். இது கி.பி. 49ஆம் ஆண்டையொட்டி நடந்ததாகப் பொதுவாகக் கணிக்கப்படுகிறது. அங்கே அதே தொழில் தெரிந்த பவுல் அவர்களோடு தங்கி வேலை செய்தார். பிறகு எபேசுவிலும், மீண்டும் ரோமிலும் அவர்கள் குடியிருந்த இடங்களில் சபை கூடியதைப் பவுலின் கடிதங்கள் சொல்கின்றன. தொழிலுக்காக ஊர் மாறிய ஒரு குடும்பம் போகுமிடமெல்லாம் சபைக்கு இடம் கொடுத்திருக்கிறது. கிறிஸ்தவம் நகரம் நகரமாகப் பரவியதற்கு இத்தகைய நடமாட்டம் முக்கியமான காரணம்.

அந்தக் காலத்து ரோமப் பேரரசில் வீடு என்றால் கணவன், மனைவி, பிள்ளைகள் மட்டும் அல்ல. அடிமைகள், விடுதலை பெற்ற பழைய அடிமைகள், பட்டறை வேலையாட்கள், வீட்டுத் தலைவரை அண்டிப் பிழைத்தவர்கள், வழிப்போக்கரான விருந்தினர் எல்லோரும் அதில் சேர்த்தி. எனவே ஒரு வீட்டில் சபை கூடினால் பல இனத்தாரும் பல நிலையினரும் ஒரே கூரையின்கீழ் வந்துவிடுவார்கள். ரோமருக்குப் பவுல் எழுதிய கடிதத்தின் 16ஆம் அதிகாரத்தில் பெரும்பகுதி வாழ்த்துப் பட்டியல்தான். மரியாள், அம்பிலியா, உர்பான், பெர்சியாள், யூனியா, எர்மே என்று யூதப் பெயர், லத்தீன் பெயர், கிரேக்கப் பெயர், அடிமைகளுக்கு வழக்கமாக இடப்பட்ட பெயர் எல்லாம் அதில் கலந்து வருகின்றன. பிலேமோனுக்கு எழுதிய சிறிய கடிதம் இன்னும் கூர்மையானது. அந்த வீட்டு அடிமையான ஒநேசிமுவைச் சகோதரனாக ஏற்கும்படி, அதே வீட்டில் கூடும் சபையையும் சாட்சியாக வைத்து, எசமானரைக் கேட்டுக்கொள்கிறது அது.

வீடு எல்லோரையும் சேர்த்ததே ஒழிய, எல்லோரையும் சமமாக உட்காரவைத்துவிடவில்லை. கொரிந்துவில் கூடியவர்களில் வசதியுள்ளவர்கள் முன்னதாக உண்டு முடிக்க, ஏழைகள் பசியோடு இருந்தார்கள் என்று பவுல் கடுமையாகக் கண்டிக்கிறார். செல்வர் வீட்டு விருந்து அறையில் சாய்ந்து உண்ணச் சிலருக்குத்தான் இடம் உண்டு; மற்றவர்கள் முற்றத்தில்தான் இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர் சிலர் இதற்கு விளக்கம் தருகிறார்கள். எல்லாச் சபைகளும் செல்வர் வீட்டில் கூடவும் இல்லை. துரோவாவில் பவுல் நள்ளிரவுவரை பேசியது மூன்றாம் மாடியில், பல விளக்குகள் எரிந்த மேலறையில். சன்னலில் அமர்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி விழுந்தது அங்கிருந்துதான். கி.பி. 165ஐ ஒட்டி ரோமில் விசாரிக்கப்பட்ட கிறிஸ்தவ ஆசிரியர் யுஸ்தீன், தாம் ஒரு குளியல் மண்டபத்துக்கு மேலே குடியிருந்ததாகவும், தம்மிடம் வர விரும்பியவர்கள் அங்கே வந்ததாகவும் நகர அதிகாரியிடம் சொன்னார். பட்டறையும் கடையின் பின்கட்டும் வாடகை அறையும்கூடச் சபைக்கு உதவியிருக்கின்றன.

இவையெல்லாம் எழுத்தில் மட்டும் கிடைக்கும் செய்திகள். லீதியாளின் வீட்டையோ பிலேமோனின் வீட்டையோ இன்று யாரும் சுட்டிக்காட்ட முடியாது. சபை கூடிய வீடு ஒன்று சுவரும் ஓவியமுமாக அகப்பட்டது துரா-யூரோப்போஸ் என்ற எல்லைப்புற நகரத்தில் மட்டும்தான்.

சிரியாவின் கிழக்கே, யூப்ரடீஸ் ஆற்றின் மேற்குக் கரையில், ஒரு மேட்டு விளிம்பில் அமைந்தது துரா. அலெக்சாந்தரின் தளபதிகளுள் ஒருவரான செலூக்கஸின் ஆட்சியில், கி.மு. 300ஐ ஒட்டி மக்கெதோனியர் அமைத்த குடியேற்றம் அது. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் பார்த்தியர் அதைக் கைப்பற்றினர். கி.பி. 165இல் அது ரோமர் கைக்குப் போனது. கி.பி. 256இல் பாரசீகத்தின் சாசானியப் படை அதை அழித்தது. ஆண்டவர்கள் மாறினாலும் முன்பு வந்தவர்கள் வெளியேறிவிடவில்லை. மக்கெதோனியர் வழிவந்த பழைய குடும்பங்கள் கிரேக்கப் பெயரைப் பெருமையாகத் தாங்கின. சந்தையிலும் வீட்டிலும் அரமேயம் ஒலித்தது. பாலைவன நகரமான பல்மைராவின் வணிகரும் வில்லாளிகளும் தங்கள் எழுத்தையும் தெய்வங்களையும் கொண்டுவந்தார்கள். படையின் ஏடுகள் லத்தீனில் எழுதப்பட்டன. கிரேக்கம், லத்தீன், பல்மைரா அரமேயம், சிரியாக், எபிரேயம், பார்த்தியம், பாரசீகம் என அங்கே கிடைத்த எழுத்துகளின் வகை வியப்பூட்டுவது.

ரோமர் காலத்தில் அங்கே நிலைகொண்டிருந்தது 20ஆம் பல்மைரா படைப்பிரிவு. அதன் வீரர் பட்டியல்கள் பாப்பிரஸ் தாளில் கிடைத்திருக்கின்றன. அவற்றில் லத்தீன் பெயருக்கும் செமித்தியப் பெயருக்கும் வேலி கிடையாது. பேரரசின் சுதந்திரக் குடிகள் அனைவருக்கும் 212இல் ரோமக் குடியுரிமை வழங்கப்பட்டபின் அவுரேலியஸ் என்ற பெயர் ஊரெங்கும் பெருகியது. ஒரே ஆளுக்கு ரோமப் பெயரும் வீட்டுப் பெயரும் சேர்ந்தே இருந்தன.

தெய்வங்களும் அப்படியே. அர்த்தெமிஸ், பெல், அத்தர்காத்திஸ், அசநாத்கோனா, சேயு என்று ஊருக்குள் பல கோயில்கள். மேற்கு மதிலை ஒட்டி உட்புறமாக ஓடிய தெருவில் மட்டும் மூன்று சிறிய வழிபாட்டிடங்கள் இருந்தன. வடக்கே படை முகாம் பக்கத்தில், வீரர்கள் விரும்பி வணங்கிய மித்ராவின் கோயில். தலைவாசலுக்குச் சற்று வடக்கே யூதர்களின் ஜெப ஆலயம். வாசலுக்குத் தெற்கே கிறிஸ்தவர்களின் இடம். மூன்றும் தொடக்கத்தில் குடியிருப்பு வீடுகளாக இருந்தவை. வீட்டைச் சபையாக்கியது கிறிஸ்தவர்களுக்கு மட்டுமே உரிய தந்திரம் என்றோ, அடக்குமுறைக்குப் பயந்து செய்த ஏற்பாடு என்றோ பலர் எண்ணுவதுண்டு. துராவின் தெரு அந்த எண்ணத்தை மறுக்கிறது. அரசின் ஆதரவோ பெரும் பொருளோ இல்லாத எந்தச் சிறு கூட்டமும் அங்கே ஒரு வீட்டில் தொடங்கி, வசதி வந்தபோது சுவரை இடித்து விரித்துக்கொண்டது.

கிறிஸ்தவர்களின் வீடு சுடாத மண் செங்கலால் கட்டியது. சுவர்ப்பூச்சில் கீறிய ஓர் எழுத்து செலூக்கஸ் ஆண்டு 545ஐக் குறிக்கிறது; அது கி.பி. 232-233. ஏறத்தாழ 240இல் அந்த வீடு சபைக்கென்று மாற்றியமைக்கப்பட்டது. அளவு பக்கத்துக்கு இருபது மீட்டரைத் தாண்டவில்லை. வெளித்தோற்றத்தில் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து அதைப் பிரித்துக் காட்டும் அடையாளம் எதுவும் இல்லை.

புதிதாக வந்த ஒருவர் வடகிழக்கு மூலையில் இருந்த ஒரே வாசல் வழியாகத்தான் நுழைந்திருப்பார். முதலில் ஒரு நடை. தெருவில் நிற்பவர் கண்ணுக்கு உள்ளே நடப்பது தெரியாதபடி அது திரும்பும். அவ்வூர் வீடுகளின் பொது வழக்கம் அது. நடையைத் தாண்டினால் திறந்த முற்றம், அதன் கிழக்கே தூண் வைத்த தாழ்வாரம். முற்றத்தைச் சுற்றி அறைகள். தெற்குப் பக்கத்தில் இரண்டு அறைகளுக்கு நடுவிலிருந்த சுவரை எடுத்துவிட்டு, ஏறத்தாழ 13 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் கொண்ட ஒரே கூடமாக ஆக்கியிருந்தார்கள். அறுபத்தைந்து முதல் எழுபத்தைந்து பேர் அதில் கூடலாம். கிழக்குக் கோடியில் தரையிலிருந்து ஒரு சாணுக்கும் குறைவாக உயர்ந்த சிறு மேடை. வேதம் வாசித்தவரோ சபையை நடத்தியவரோ அங்கே இருந்திருக்க வேண்டும்.

கூடத்தின் சுவரில் கிறிஸ்தவ ஓவியம் எதுவும் இல்லை. இருந்த ஒரே அலங்காரம் பழைய வீட்டுக்காரர் காலத்துச் சாந்துப் பட்டை. கிரேக்கர்களின் மதுத் தெய்வமான பாக்கஸின் விருந்துச் சின்னங்கள் அதில் வார்க்கப்பட்டிருந்தன. சுவரையே இடித்து மாற்றியவர்கள் அந்தப் பட்டையைச் சுரண்டி எறியாமல் விட்டுவைத்தார்கள். துராவின் நல்ல வீடுகளில் விருந்தினர் அறைக்கு அத்தகைய பட்டை வழக்கமான அழகு. அங்கே கூடியவர்களுக்கு அது வெறும் வீட்டு அலங்காரமாகவே பட்டிருக்க வேண்டும். புற உலகத்தோடு ஒவ்வொரு அங்குலத்திலும் போராடிய மனிதர்களாக முதல் கிறிஸ்தவர்களைக் கற்பனை செய்பவர்கள் இந்தப் பட்டையைக் கவனிக்க வேண்டும்.

பொருளும் உழைப்பும் கொட்டப்பட்ட இடம் வடமேற்கு மூலை அறை. ஏழு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளம், மூன்று மீட்டர் அகலம் கொண்ட அந்தச் சிறிய அறைதான் ஞானஸ்நானம் கொடுத்த இடம். மேற்குச் சுவரை ஒட்டி ஒரு தொட்டி. நீளம் ஏறத்தாழ 1.6 மீட்டர், அகலமும் ஆழமும் ஏறத்தாழ ஒரு மீட்டர். சலவைக்கல் போலத் தோன்றும்படி வண்ணம் தீட்டிய தூண்களின்மேல் தொட்டிக்கு வளைந்த விதானம். விதானத்தின் உட்புறத்தில் நீலப் பின்னணியில் விண்மீன்கள். தண்ணீர் வரக் குழாயோ போகக் கால்வாயோ இல்லை. குடத்தில் சுமந்து வந்து நிரப்பி, இறைத்து வெளியேற்றியிருப்பார்கள். ஒருவர் உள்ளே நிற்கலாம், மண்டியிடலாம். வளர்ந்த ஆள் முழுதும் அமிழ்வது கடினம். தலைமேல் நீர் ஊற்றுவதைப் பழைய சபை ஒழுங்கு நூலான தீதாக்கே ஏற்கெனவே அனுமதித்திருந்தது.

தொட்டிக்குப் பின்னாலுள்ள சுவரில் நல்ல மேய்ப்பன், தோளில் ஆட்டைச் சுமந்தபடி, முன்னால் மந்தையோடு நிற்கிறார். அவருக்குக் கீழே ஓரமாக ஆதாமும் ஏவாளும், மிகச் சிறிய உருவங்களாக. பின்னர் சேர்த்து வரைந்தவை. வடக்குச் சுவரின் மேல்வரிசையில் இரண்டு அற்புதங்கள். திமிர்வாதக்காரன் ஒரு பக்கம் படுத்திருக்கிறான், மறுபக்கம் தன் படுக்கையையே தூக்கிக்கொண்டு நடக்கிறான். அடுத்து, கடல்மேல் நடந்து வந்த இயேசுவை நோக்கிக் கைநீட்டும் பேதுரு, படகில் திகைத்த சீடர்கள். திமிர்வாதக்காரன் காட்சியில் இயேசு தாடியில்லாத இளைஞர். காலம் உறுதியாகத் தெரிந்த இயேசு ஓவியங்களில் இவற்றைவிடப் பழையவை இதுவரை கிடைக்கவில்லை. தெற்குச் சுவரில் கோலியாத்தை வீழ்த்தும் தாவீது, இருவர் பெயரும் கிரேக்கத்தில் எழுதப்பட்டு. இன்னொரு காட்சியில் கிணற்றில் நீர் இறைக்கும் பெண். நீண்ட காலமாக இவள் சமாரியப் பெண் என்றே கொள்ளப்பட்டாள். அண்மையில், தேவதூதனின் செய்தியைக் கேட்கும் மரியாளாக இருக்கலாம் என்ற கருத்தும் முன்வைக்கப்பட்டிருக்கிறது.

கிழக்குச் சுவரில் தொடங்கி வடக்குச் சுவர்வரை, கீழ்வரிசையில், கையில் விளக்கேந்திய பெண்கள் வரிசையாக நடந்து ஒரு பெரிய வெள்ளைக் கட்டடத்தை நெருங்குகிறார்கள். ஞாயிறு அதிகாலை இயேசுவின் கல்லறைக்குப் போன பெண்கள் இவர்கள் என்பது பெரும்பான்மைக் கருத்து. மணவாளனை எதிர்கொள்ளப் போகும் கன்னியர் என்றும் சிலர் வாதிடுகிறார்கள். எதுவாயினும் ஓவியம் செய்த வேலை தெளிவு. ஞானஸ்நானம் பெற வந்தவர் தொட்டியை நோக்கி நடக்கும்போது, சுவரில் இந்தப் பெண்களும் அதே திசையில் உடன் நடந்தார்கள். கோடுகள் எளியவை, அதே தெருவில் யூதர்களின் ஆலயத்தை நிறைத்த ஓவியங்களின் செழுமை இவற்றுக்கு இல்லை. ஆனால் எழுத்தறியாத ஒருவரும், கிரேக்கம் புரியாத ஒருவரும் சொல்லப்படுவது என்ன என்பதைச் சுவரைப் பார்த்தே உணர்ந்துகொள்ள முடியும். பல மொழிக்காரர்கள் சேர்ந்த ஒரு சபை தன் கைப்பொருளை ஓவியத்தில் செலவிட்டதற்கு இது நியாயமான விளக்கம்.

அங்கே வந்தவர்களில் சிலர் தங்கள் பெயரைச் சுவரிலேயே விட்டுச் சென்றிருக்கிறார்கள். தங்களை நினைத்துக்கொள்ளும்படி கேட்கும் சிறிய கிரேக்கக் கீறல்கள் அவை. ஒருவர் பெயர் புரோக்லஸ். கிரேக்க ரோம உலகம் முழுவதும் பழகிய பெயர். இன்னொருவர் சிசெயோஸ், தம்மைத் தாழ்மையானவர் என்று சொல்லிக்கொள்கிறார். அவர் பெயர் கிரேக்கப் பெயரும் அல்ல, லத்தீன் பெயரும் அல்ல. மூன்றாவது பெயர் தொரோத்தெயோஸ். எழுதிய மொழி ஒன்று, எழுதியவர்களின் மூலம் வெவ்வேறு. ஊரின் கலப்பு சபைக்குள்ளும் இருந்தது என்பதற்கு இந்தக் கீறல்களைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

இன்னொரு சான்று 1933இல், மதிலை ஒட்டிய மண் குவியலில் கிடைத்தது. உள்ளங்கை அகலமே உள்ள ஒரு தோல் துண்டு; அதில் 14 வரி கிரேக்கம். இயேசு அறையப்பட்ட மாலையில் அரிமத்தியா ஊர் யோசேப்பு வரும் பகுதி அது. நான்கு நற்செய்திகளின் சொற்களையும் பின்னி ஒரே கதையாகச் சொல்கிறது. இத்தகைய இணைப்பு நூலை 2ஆம் நூற்றாண்டில் செய்தவர் தாத்தியான் என்ற சிரிய நாட்டவர். சிரியாக் மொழி பேசிய சபைகளில் சில நூறு ஆண்டுகள் அதுவே நற்செய்தி நூலாக வாசிக்கப்பட்டது. துராத் துண்டு தாத்தியானின் நூலேதானா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. கிரேக்கத்தில் எழுதிய ஓர் இணைப்பு நற்செய்தி துராவில் வாசிக்கப்பட்டது என்பதில் ஐயம் இல்லை. ஆற்றின் வடக்கே எடெசா நகரம் சிரியாக் கிறிஸ்தவத்தின் தாய்வீடு. 201இல் அங்கே வந்த வெள்ளம் கிறிஸ்தவர்களின் ஆலயத்தைச் சேதப்படுத்தியதாக அந்நகரத்து வரலாற்றேடு சொல்கிறது. எடெசாவில் 243இல் சிரியாக் மொழியில் எழுதிய ஓர் அடிமைப் பெண்ணின் விற்பனைப் பத்திரம் துராவில் கிடைத்ததால், இரு ஊர்களுக்கும் இடையே ஆட்களும் ஆவணங்களும் போய்வந்தது உறுதியாகிறது.

சபை ஒளிந்து வாழவில்லை என்பதை மீண்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுவர் இடிப்பதும் மாடி எழுப்புவதும் தெருவுக்குத் தெரியாமல் நடக்கிற வேலை அல்ல. மதில் காவலர்கள் நாள்தோறும் நடமாடிய தெரு அது. சில ஆண்டுகள் கழித்து, 244-245இல், யூதர்கள் தங்கள் ஆலயத்தைப் பெரிதாக்கிக் கட்டியபோது, அதை முன்னின்று நடத்திய மூப்பரான சாமுவேலின் பெயரையும் ஆண்டையும் எழுதிவைத்தார்கள். பேரரசு முழுவதற்குமான கிறிஸ்தவ ஒடுக்குமுறை தெசியஸ் பேரரசன் காலத்தில், 249-250இல்தான் தொடங்கியது. அதற்கு முன் நடந்தவை அங்கங்கே அவ்வப்போது எழுந்து அடங்கியவை. எல்லைக் காவலே கவலையான ஓர் ஊரில் அக்கம்பக்கத்தார் கிறிஸ்தவர்களை மற்றுமொரு சிறிய வழிபாட்டுக் குழுவாகப் பார்த்திருக்க வேண்டும்.

மாற்றியமைத்தபின் சபை கூடிய கட்டடம் வீடு போலவே இருந்ததா என்பது இப்போது ஆய்வாளர்களிடையே சூடான கேள்வி. சுவர்களை எடுத்ததும் அறைகளின் பயன் மாறியதும் அந்த இடத்தைக் குடியிருக்கத் தகாததாக்கிவிட்டன, ஆகவே அதை வீட்டுச் சபை என்பதே பொருந்தாது என்கிறார்கள் சிலர். கட்டடத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதில் வலு இருக்கிறது. அங்கே குடும்பம் தொடர்ந்து வாழ்ந்ததற்கான தடயம் இல்லை. ஆனால் நடை வழி வந்து, முற்றத்தில் நின்று பேசி, கூடத்தில் அமரும் முறை வீட்டிலிருந்து வந்ததே. இரண்டு நூற்றாண்டுப் பழக்கம் சுவரோடு இடிந்து போகவில்லை.

அந்தச் சபையின் ஆயுள் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள். சாசானியர் படையெடுப்பை எதிர்பார்த்து ரோமர் மதிலை உட்புறமிருந்து பலப்படுத்தினார்கள். மதில் தெருவையும் அதை ஒட்டிய கட்டடங்களையும் மண்ணும் இடிபாடும் கொட்டி நிரப்பி, சரிவான அணையாக்கினார்கள். சபை கூடிய வீட்டின் கூரையும் மேற்சுவரும் இடிக்கப்பட்டு, அறைகள் மண்ணால் நிறைந்தன. ஜெப ஆலயத்துக்கும் மித்ரா கோயிலுக்கும் அதே கதி. இத்தனை செய்தும் 256இல் நகரம் வீழ்ந்தது. பாரசீகர் மதிலுக்கு அடியில் தோண்டிய சுரங்கத்தில் இருபதுக்குக் குறையாத வீரர்களின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. உயிர் பிழைத்தவர்கள் ஊரைவிட்டுக் கொண்டுபோகப்பட்டார்கள், அல்லது ஓடிப்போனார்கள். பிறகு யாரும் குடியேறவில்லை. 363இல் ஜூலியன் பேரரசனோடு அவ்வழியே சென்ற வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் அதை ஆளில்லாத ஊராகவே கண்டார். ஊரைக் காக்கக் கொட்டிய மண் ஊரைக் காக்கவில்லை. ஓவியங்களை 1,676 ஆண்டுகள் காத்தது.

1920 மார்ச் இறுதியில் பிரிட்டிஷ் படையைச் சேர்ந்த இந்தியச் சிப்பாய்கள், சாலிஹியா என்ற அந்த இடத்தில் பதுங்குகுழி தோண்டும்போது பெல் கோயிலின் சுவரோவியங்கள் வெளிப்பட்டன. அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டெட் வந்து ஒரே நாளில் அவற்றைப் பதிவு செய்துகொண்டு போனார். 1922-23இல் பிரான்ஸ் கும்மோன் முறையாகத் தோண்டினார். 1928 முதல் 1937 வரை யேல் பல்கலைக்கழகமும் பிரெஞ்சுக் கல்விக்கழகமும் சேர்ந்து பத்துப் பருவங்கள் அகழ்ந்தன. கிளார்க் ஹாப்கின்ஸ் களத்தை நடத்தியபோது, 1932 ஜனவரியில் ஞானஸ்நான அறை மண்ணிலிருந்து வந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஜெப ஆலயம். ஜெப ஆலயத்தின் ஓவியங்கள் தமஸ்கு அருங்காட்சியகத்துக்கும், ஞானஸ்நான அறையின் ஓவியங்கள் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்துக்கும் போயின. கார்ல் கிரேலிங் எழுதிய முழு அறிக்கை 1967இல் வெளிவந்தது. சிரியாவில் 2011இல் தொடங்கிய போரின்போது புதையல் திருடர்கள் துராவின் மதில்களுக்குள் பெரும்பகுதி நிலத்தைக் குழிகுழியாகத் தோண்டிச் சூறையாடிவிட்டார்கள். மிஞ்சிய மண்ணிலிருந்து புதிதாக அறியக்கூடியது மிகக் குறைந்துவிட்டது; பெரும் இழப்பு இது.

துராவுக்கு இணையாகச் சொல்லத்தக்க மற்றோர் இடம் 2005இல் இஸ்ரேலின் மெகிதோவில், ஒரு சிறை வளாகத்துக்குள் கண்டெடுக்கப்பட்டது. ரோமப் படை முகாமை ஒட்டிய ஒரு பெரிய கட்டடத்தின் ஒரே அறை. காலம் 3ஆம் நூற்றாண்டு என்று அகழ்ந்தவர்கள் கணிக்கிறார்கள். தரையில் பதித்த சிறுகற்களில் கிரேக்க எழுத்துகள். தரை போடப் பணம் கொடுத்தவர் கையானுஸ் என்ற படை அதிகாரி. தேவனாகிய இயேசு கிறிஸ்துவுக்கு நினைவாக மேசையைக் கொடுத்தவர் அக்கெப்தூஸ் என்ற பெண். நினைக்கப்பட வேண்டியவர்களாக வேறு நான்கு பெண்களின் பெயர்களும் இருக்கின்றன. படைவீரரும் பெண்களும் ஒரே தரையில் பெயர் பொறித்துக்கொண்ட இந்த அறை, துராவின் சபை தனி விதிவிலக்கு அல்ல என்பதைக் காட்டுகிறது.

3ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சபைகளுக்குச் சொத்து சேர்ந்தது. முன்பு பறிக்கப்பட்டிருந்த வழிபாட்டிடங்களை 260இல் கல்லியேனுஸ் பேரரசன் திருப்பிக் கொடுத்தான். 272ஐ ஒட்டி அந்தியோக்கியாவில் சபை வீடு யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு அவுரேலியன் பேரரசன்வரை போனது. பிறகு வந்தது டயோக்ளீஷியன் பேரரசனின் ஒடுக்குமுறை. 303 பிப்ரவரி 23 அன்று நிக்கோமேதியாவில், அரண்மனையிலிருந்து பார்த்தால் தெரியும் மேட்டில் நின்ற ஆலயம் இடிக்கப்பட்டது. அதே ஆண்டு மே 19 அன்று வட ஆப்பிரிக்காவின் சிர்த்தா நகரில், கிறிஸ்தவர்கள் கூடிவந்த வீட்டுக்குள் அதிகாரிகள் புகுந்து பட்டியல் எடுத்தார்கள். பொன் கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6, பெண்களின் அங்கிகள் 82, ஆண்களின் அங்கிகள் 16, பெண்களின் செருப்பு 47 ஜோடி, ஆண்களின் செருப்பு 13 ஜோடி. பொன்னையும் வெள்ளியையும்விட, ஏழைகளுக்குக் கொடுக்கச் சேர்த்து வைத்ததாகக் கருதப்படும் இந்தத் துணிகளும் செருப்புகளும்தான் அந்த வீட்டில் நடந்ததைச் சொல்கின்றன. வேத நூல்கள் அங்கே அதிகம் இல்லை. வாசகர்கள் தங்கள் வீடுகளில் வைத்திருந்தார்கள். அதிகாரிகள் வீடு வீடாகப் போய் அவற்றைப் பறித்தார்கள்.

கிறிஸ்தவத்துக்குச் சட்ட அனுமதி கிடைத்த 313க்குப் பின் கான்ஸ்தந்தீன் பேரரசனின் பொருளுதவியில் ரோமின் லாத்தரன் ஆலயம் போன்ற நெடிய மண்டபங்கள் எழுந்தன. ஆயிரக்கணக்கானோர் நிற்கக்கூடிய இடத்தில் சேர்ந்து உண்ணும் வழக்கத்துக்கு இடமில்லை. வழிபாட்டை நடத்துபவர் ஒரு கோடியில், மக்கள் மறு கோடியில் என்றாயிற்று. இடம் கொடுத்த வீட்டுக்காரருக்குச் சபையில் இருந்த செல்வாக்கு ஆயரிடம் போய்ச் சேர்ந்தது. பெண்கள் பெயர் சொல்லி அறியப்பட்டதற்கு அவர்கள் வீட்டுத் தலைவிகளாக இருந்தது ஒரு முக்கிய காரணம்; அந்த நிலையும் தளர்ந்தது.

4ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் சின்ன ஆசியாவின் லவோதிக்கேயாவில் கூடிய சங்கம், ஆயர்களோ மூப்பர்களோ வீடுகளில் திருவிருந்துப் பலி செலுத்தக் கூடாது என்று 58ஆம் விதியில் தடுத்தது. கொலோசெயருக்கு எழுதிய கடிதத்தில் பவுல் வாழ்த்துச் சொன்ன நிம்பாவின் வீட்டுச் சபை இதே வட்டாரத்தைச் சேர்ந்தது. திருச்சபையின் தடை போதாமல், 537இல் ஜஸ்தினியன் பேரரசனும் தனியார் வீடுகளில் திருவிருந்து நடத்துவதைச் சட்டம் போட்டு விலக்க வேண்டியிருந்தது. விலக்கப்பட்ட வழக்கம் கான்ஸ்தாந்திநோப்பிளின் செல்வர் வீடுகளில் அப்போதும் நடந்துகொண்டிருந்ததுதான் அதற்குக் காரணம்.